வைக்கோல் கட்டும் இயந்திரம்: தேர்வும் பயனும்

அறுவடைக்குப் பின் எஞ்சும் வைக்கோல், இந்திய உழவர்களுக்கு நெடுங்காலமாகவே தானியத்திற்கு அடுத்த விளைபொருளாக இருந்து வந்துள்ளது. மாட்டுக்குத் தீவனமாகவும், குடிசைக்குக் கூரையாகவும், நிலத்திற்கு எருவாகவும் அது பயன்பட்டது. 2019 ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் மாடுகளும் எருமைகளும் சேர்ந்து 30 கோடிக்கு மேல் உள்ளன. இவற்றின் உலர்தீவனத் தேவையில் பெரும்பகுதியை நிறைவு செய்வன பயிர்த்தாள்களே. ஆயினும் பஞ்சாப், ஹரியானா போன்ற மாநிலங்களில் ஆண்டுதோறும் நெல் அறுவடைக்குப்பின் பெருமளவு வைக்கோல் வயலிலேயே தீயிட்டு எரிக்கப்பட்டு வருகிறது. ஒரு புறம் தீவனப் பற்றாக்குறை, மறுபுறம் தீ. இந்த முரண்பாட்டைக் குறைக்கும் கருவிகளுள் ஒன்று வைக்கோல் கட்டும் இயந்திரம். அதைத் தேர்ந்தெடுக்கும் முறை பற்றி மாணவர்களும் கூட்டுறவு, வேளாண் துறை அலுவலர்களும் தெளிவு பெறுவது அவசியமாகும்.

இயந்திரத்திற்குத் தேவை ஏன் எழுந்தது?

கையால் அறுத்துக் களத்தில் கதிரடித்த காலத்தில், வைக்கோல் தானாகவே களத்துக்கு வந்து சேர்ந்தது. அதைப் போராக அடுக்குவது மட்டுமே எஞ்சிய வேலை. அறுவடை இயந்திரம் இந்த ஒழுங்கை மாற்றியது. அது வயலிலேயே கதிரை அறுத்து, தானியத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு, வைக்கோலைப் பின்புறம் வரிசையாக உதிர்த்துச் செல்கிறது. தானியம் வண்டியேறிவிடுகிறது, வைக்கோல் வயலில் கிடக்கிறது. அதைக் கையால் அரித்துச் சேர்க்க ஆளும் இல்லை, நாளும் இல்லை.

வடமாநிலங்களில் நாள் நெருக்கடி மிகக் கடுமையானது. நிலத்தடி நீரைக் காக்கும் நோக்கத்துடன் பஞ்சாபும் ஹரியானாவும் 2009 இல் சட்டம் இயற்றி, நெல் நடவுக் காலத்தைத் தள்ளி வைத்தன. நடவு தள்ளியதால் அறுவடையும் தள்ளிற்று. நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே இரண்டு முதல் மூன்று வாரங்களே கிடைக்கின்றன. தாமதமாக விதைத்த கோதுமை, முற்றும் பருவத்தில் வெயிலுக்கு இலக்காகி விளைச்சல் குன்றும். எனவே தீக்குச்சியே மிக மலிவான கருவியாகத் தோன்றியதில் வியப்பில்லை. மேலும், மணற்சத்து மிகுந்த நெல் வைக்கோலைவிடக் கோதுமைத் தாளையே அங்குள்ள உழவர்கள் தீவனமாக விரும்புவர்.

காவிரிப் படுகையில் நிலைமை வேறு. அங்கு நெல் வைக்கோலே முதன்மையான உலர்தீவனம். குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தை ஒட்டி வருவதால், வயலில் கிடக்கும் வைக்கோல் நனைந்து வீணாகும் ஆபத்து உண்டு. தை, மாசி மாதங்களில் வரும் சம்பா அறுவடையின்போது நல்ல வெயில் கிடைக்கும். அறுவடை இயந்திரம் பரவியபின், சிறிய உருளைக் கட்டு இயந்திரங்கள் அப்பகுதியில் வாடகைக்கு ஓடத் தொடங்கின. ஒரே நாட்டில், ஒரே பயிரில், இரு வேறு தேவைகள். ஆகவே, "எது சிறந்த இயந்திரம்?" என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது.

உருளைக் கட்டின் வரலாறும் செயல்முறையும்

புல்லை உருளையாகச் சுருட்டும் எண்ணம் அமெரிக்காவில் உருவானது. நெப்ராஸ்கா மாநிலத்தைச் சேர்ந்த உம்மோ லூபன் என்பவர் 1910 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் 1947 இல் சிறிய உருளைக் கட்டு இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1971 இல் ஐயோவா மாநிலத்தில் கேரி வெர்மீர் உருவாக்கிய பெரிய உருளைக் கட்டு இயந்திரம், ஒரே ஆள் பெரும் புல்வெளியின் அறுவடையைக் கையாள வழி செய்தது. ஆள் குறைவு, நிலம் அதிகம், கால்நடை பண்ணையிலேயே என்ற சூழலுக்காகப் பிறந்த கருவி அது. நிலம் சிறிதாகவும் வைக்கோல் கைமாறிச் செல்லும் பொருளாகவும் உள்ள நம் நாட்டில் அதை அப்படியே பின்பற்ற இயலாது என்பதை முதலிலேயே உணர வேண்டும்.

இயந்திரத்தின் செயல்முறை எளிது. டிராக்டரின் விசைத் தண்டிலிருந்து ஆற்றல் பெறுகிறது. முன்புறம் சுழலும் இரும்பு முட்கள் வரிசையாகக் கிடக்கும் வைக்கோலை வாரி எடுத்துக் கூண்டுக்குள் செலுத்துகின்றன. கூண்டின் சுற்றுப்புறத்தில் உள்ள உருளைகளோ, சங்கிலியில் பூட்டிய குறுக்குச் சட்டங்களோ, பட்டைகளோ வைக்கோலைச் சுழற்றிச் சுருட்டுகின்றன. உருளை நிறைந்ததும் கயிறோ வலையோ சுற்றப்படுகிறது. பின்கதவு திறந்து கட்டு வெளியே உருள்கிறது.

கூண்டில் இரு வகை உண்டு. அளவு மாறாத கூண்டில் கட்டின் நடுப்பகுதி தளர்வாகவும் வெளிப்பகுதி இறுக்கமாகவும் அமையும். வைக்கோல் சேரச் சேர விரியும் பட்டைக் கூண்டில் நடுவிலிருந்தே இறுக்கம் கிடைக்கும். கட்டின் விட்டத்தையும் விரும்பியவாறு அமைக்கலாம். ஆனால் முதல் வகை அமைப்பில் எளியது, விலை குறைந்தது, பழுது பார்க்க இலகுவானது. நம் நாட்டில் பரவியுள்ள சிறிய இயந்திரங்கள் பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தவை. இவற்றின் கட்டு சுமார் 60 செ.மீ. விட்டமும் 15 முதல் 25 கிலோ எடையும் கொண்டது. ஒருவரால் தூக்கக்கூடிய சுமை என்பது இதன் பெரும் நன்மை. பல நூறு கிலோ எடையுள்ள பெரிய உருளைகளைத் தூக்க டிராக்டரில் பொருத்தும் பளுதூக்கி வேண்டும். நம் கிராமங்களில் அது அரிது.

முதற் கேள்வி: வைக்கோல் எங்கே போகிறது?

இயந்திரத்தின் விலைப்பட்டியலைப் பார்க்கும் முன், வைக்கோல் சென்று சேரும் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். ஊர் மாடுகளுக்கா, பக்கத்து மாவட்டச் சந்தைக்கா, தொலைவிலுள்ள ஆலைக்கா என்பதைப் பொறுத்தே கட்டின் வடிவம் அமையும்.

ஆலைகளின் தேவை அண்மைக் காலத்தில் வளர்ந்துள்ளது. ஹரியானாவின் பானிபட்டில் 2022 ஆகஸ்டில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட எத்தனால் ஆலை, ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் நெல் வைக்கோலைப் பயன்படுத்தும் வகையில் அமைக்கப்பட்டது. நிலக்கரியுடன் பயிர்க்கழிவுகளையும் சேர்த்து எரிக்குமாறு அனல் மின் நிலையங்களுக்கு 2021 இல் நெறிமுறைகள் வகுக்கப்பட்டன. இத்தகைய இடங்களுக்கு வைக்கோல் லாரியில் செல்ல வேண்டும்.

லாரியில் வைக்கோல் ஏற்றும்போது எடையின் வரம்பை எட்டுமுன்பே இடம் நிறைந்துவிடுகிறது. இங்கு கணிதம் உருளைக்குச் சாதகமாக இல்லை. சம விட்டமுள்ள உருளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நேராக அடுக்கினால், 100 கன அடி இடத்தில் சுமார் 78 கன அடியே கட்டுகளாகும், மீதி வெற்றிடம். இரு கட்டுகளின் இடைப்பள்ளத்தில் மூன்றாவது பதியுமாறு நெருக்கி அடுக்கினாலும் 90 கன அடியைத் தாண்டுவது கடினம். செவ்வகக் கட்டுகளோ செங்கல்போல் இடைவெளியின்றி அடுங்கும். பஞ்சாபில் செவ்வகக் கட்டு இயந்திரங்களே பெரிதும் பயன்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எனினும் செவ்வக இயந்திரத்திற்கும் குறைபாடுகள் உண்டு. அதன் முடிச்சுப் போடும் பொறி நுட்பமானது. பழகிய கைகள் இல்லாவிடில் அடிக்கடி பழுதாகும். பொதுவாக 50 குதிரைத்திறனுக்குக் குறையாத டிராக்டரையும் அது கேட்கும். சிறிய உருளைக் கட்டு இயந்திரத்திற்கு 35 முதல் 45 குதிரைத்திறன் போதும். முடிச்சுப் பொறி கிடையாது. ஆனால் கயிறு சுற்றவும் கட்டை வெளியேற்றவும் ஒவ்வொரு முறையும் டிராக்டர் நிற்க வேண்டும். செவ்வக இயந்திரம் நில்லாமல் ஓடும். சுருங்கக் கூறின், ஊருக்குள்ளேயும் அண்டை ஊர்களிலும் மாட்டுத் தீவனமாகச் செல்லும் வைக்கோலுக்குச் சிறிய உருளை ஏற்றது. நெடுந்தொலைவு செல்லும் வைக்கோலுக்குச் செவ்வகம் ஏற்றது.

ஈரமும் சேமிப்பும்

வைக்கோலின் ஈரப்பதம் 20 சதவீதத்திற்கு மேல் இருக்கும்போது கட்டினால், கட்டின் உள்ளே வெப்பம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த தீவனம் மாட்டின் நலத்திற்குக் கேடு. காலைப் பனி விலகிய பின்னரே வேலையைத் தொடங்குவது நல்லது. இதனால் ஒரு நாளின் வேலை நேரம் குறையும் என்பதைத் திட்டமிடும்போதே கணக்கில் கொள்ள வேண்டும்.

உருளைக் கட்டு மழையைத் தாங்கும் என்ற கருத்து பரவலாக உள்ளது. பெரிய உருளைகளைப் பொறுத்தவரை இதில் ஓரளவு உண்மை உண்டு. சிறிய உருளைக்கு இது பொருந்தாது. வெளிப்புறத்தில் 5 செ.மீ. ஆழத்திற்கு மட்டும் வைக்கோல் கெட்டுவிடுவதாகக் கொள்வோம். 150 செ.மீ. விட்டமுள்ள கட்டில் இழப்பு 13 சதவீதம். 60 செ.மீ. விட்டமுள்ள கட்டிலோ அதே 5 செ.மீ. ஆழம் 31 சதவீதத்தை விழுங்கிவிடும். ஆகவே சிறிய கட்டுகளுக்கு மேடான தரையும் மேற்கூரையோ தார்ப்பாயோ அவசியம். இயந்திரத்திற்குப் பணம் ஒதுக்குவோர் சேமிப்பு இடத்தை மறந்தால், கட்டிய வைக்கோலில் மூன்றில் ஒரு பங்கை மழைக்குக் கொடுக்க நேரிடும்.

கயிற்றின் தேர்வும் சிறு விஷயமன்று. தீவனமாகச் செல்லும் கட்டுக்குச் சணல் கயிறே உகந்தது. பிளாஸ்டிக் கயிறும் வலையும் வலுவானவை. ஆனால் அவிழ்த்து அகற்றப்படாத துண்டுகள் மாட்டின் வயிற்றில் தங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

வயலும் துணைக் கருவிகளும்

வைக்கோல் கட்டும் இயந்திரம் தனித்து இயங்கும் கருவியன்று. அறுவடை இயந்திரம் எப்படி அறுத்தது என்பதைப் பொறுத்தே அதன் வேலை அமையும். வைக்கோலை நறுக்கிப் பரப்பும் சாதனம் பொருத்திய அறுவடை இயந்திரம் ஓடிய வயலில், கட்டும் இயந்திரத்தால் அதிகம் வார இயலாது. நறுக்கிப் பரப்புதல், வைக்கோலை நிலத்திலேயே விட்டு விதைக்கும் முறைக்கு உரியது. கட்டி எடுப்பதற்கு அன்று. ஒரே கிராமத்தில் இரண்டையும் திட்டமிடாமல் வழங்கினால் ஒன்றின் பயனை மற்றொன்று கெடுக்கும்.

அறுவடை இயந்திரம் உயரமாக அறுத்துச் சென்றால், கீழே நிற்கும் அடித்தாள் கட்டில் சேராது. அதையும் எடுக்க வேண்டுமாயின், அடித்தாளை வெட்டும் கருவியும் வெட்டியதை வரிசையாகக் கூட்டும் கருவியும் முன்னதாக ஓட வேண்டும். அப்போது ஓர் இயந்திரத்தின் செலவு மூன்று இயந்திரங்களின் செலவாகிறது. வயல் ஈரமாயின் டிராக்டரின் சக்கரம் புதையும். முட்கள் சேற்றையும் சேர்த்து வாரும். சிறிய வரப்புகளும் குறுகிய வாய்க்கால் பாதைகளும் உள்ள பகுதிகளில் இயந்திரத்தின் அகலத்தையும் அளந்து பார்க்க வேண்டும்.

கணக்கு என்ன சொல்கிறது?

இயந்திரத்தின் பயன் அதன் உழைப்பு நாட்களில் அடங்கியுள்ளது. இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கீழே தரப்பட்டுள்ள எண்கள் கணக்கீட்டு முறையை விளக்குவதற்காகக் கொள்ளப்பட்டவை. அந்தந்தப் பகுதியின் உண்மையான விலையையும் கூலியையும் இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இயந்திரத்தின் விலை ரூ.4,00,000; ஆயுள் 8 ஆண்டு; இறுதியில் பழைய இரும்பாக ரூ.40,000 கிடைக்கும் எனக் கொள்வோம். ஆண்டுத் தேய்மானம் ரூ.45,000. சராசரி முதலீடான ரூ.2,20,000க்கு 10 சதவீத வட்டி ரூ.22,000. கொட்டகை, காப்பீடு ஆகியவற்றுக்கு ரூ.8,000. ஆக, இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ரூ.75,000 செலவு.

ஒரு கட்டுக்கு வாடகை ரூ.30; டீசல், கயிறு, ஓட்டுநர் கூலி, டிராக்டர் தேய்மானம், பழுது ஆகியவற்றுக்குக் கட்டுக்கு ரூ.18 என்றால், மிஞ்சுவது ரூ.12. எனவே 6,250 கட்டுகள் கட்டிய பின்னரே முதலுக்கு மோசமில்லாத நிலை வரும். நாளுக்கு 300 கட்டுகள் என்ற வேகத்தில் இது 21 நாள் வேலை. ஏக்கருக்கு 50 கட்டு கிடைத்தால் 125 ஏக்கர் நிலம் தேவை.

இனி இந்த 125 ஏக்கரை நம் நில உடைமையுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2015-16 ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சராசரி நில உடைமை 1.08 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 2.7 ஏக்கர். உடைமைகளில் 86 சதவீதம் சிறு, குறு உழவர்களுடையவை. ஆகவே சிறிய இயந்திரமே ஆயினும், அதற்கு 46 அல்லது 47 சராசரி உடைமைகளின் நிலம் வேண்டும். மேலைநாட்டில் ஒரு பண்ணைக்கு ஓர் இயந்திரம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. இந்தியாவில் ஓர் ஊருக்கு ஓர் இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். இந்த வேறுபாட்டை மறந்து செய்யும் தேர்வு கடனில் முடியும்.

பருவம் 20 நாளே நீடிக்கும் பகுதியில், ஒரு பயிரை மட்டும் நம்பினால் மேற்கூறிய இயந்திரம் இழப்பையே தரும். நெல்லுடன் கோதுமைத் தாள், கரும்புத் தோகை, தீவனப் புல் ஆகியவற்றையும் கட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும். அல்லது அறுவடை முன்பின்னாக நடைபெறும் வட்டாரங்களுக்கு இயந்திரத்தை அனுப்ப வேண்டும்.

மானியத்தின் இடம்

பயிர்க்கழிவு மேலாண்மைக்காக மத்திய அரசு 2018-19 இல் தொடங்கிய திட்டத்தில், பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசம், டெல்லி ஆகியவற்றைச் சேர்ந்த தனி உழவர்களுக்கு இயந்திர விலையில் 50 சதவீதமும், கூட்டுறவு சங்கங்கள் போன்ற அமைப்புகள் நடத்தும் வாடகை மையங்களுக்கு 80 சதவீதமும் உதவி வழங்க வகை செய்யப்பட்டது. பாதி விலை மானியமாகக் கிடைத்தால், மேற்கண்ட எடுத்துக்காட்டில் உரிமையாளரின் ஆண்டு நிலைச் செலவு ரூ.40,000 ஆகக் குறையும். 3,334 கட்டுகள், அதாவது சுமார் 11 நாள் வேலை, அவருக்குப் போதுமானது.

இங்கே அலுவலர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உரிமையாளருக்கு 11 நாள் போதும், நாட்டுக்குப் போதாது. மீதிச் செலவு பொதுப் பணத்திலிருந்து வருவதால், சமுதாயத்தின் கணக்கில் அந்த இயந்திரம் 21 நாள் ஓடியே தீர வேண்டும். மானியத்தில் வாங்கிய இயந்திரம் சில நாட்கள் மட்டும் ஓடிவிட்டு ஆண்டு முழுதும் கொட்டகையில் நின்றால், உரிமையாளர் இழப்படையமாட்டார். ஆனால் அடுத்த ஊரில் தீ எரிந்துகொண்டிருக்கும். ஆகவே வழங்கிய இயந்திரங்களின் எண்ணிக்கையைவிட, ஒவ்வொரு இயந்திரமும் கட்டிய கட்டுகளின் எண்ணிக்கையே திட்டத்தின் வெற்றிக்கு உண்மையான அளவுகோலாகும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் அறுவடை நாட்காட்டி ஒன்றைத் தயாரித்து, சிறு உழவரின் வயலுக்கும் முறை தவறாமல் இயந்திரம் செல்லச் செய்வது இந்த வகையில் பெரிதும் உதவும்.

மண்ணின் பங்கு

வைக்கோலை எடுத்துச் செல்லும்போது மண்ணின் சத்தும் உடன் செல்கிறது. ஒரு டன் நெல் வைக்கோலில் சுமார் 5.5 கிலோ தழைச்சத்தும், 2.3 கிலோ மணிச்சத்தும், 25 கிலோ சாம்பல்சத்தும் அடங்கியுள்ளன. சாம்பல்சத்தை மட்டும் ஈடுசெய்யச் சுமார் 42 கிலோ பொட்டாஷ் உரம் வேண்டும். இவ்வுரத்திற்கு நம் நாடு ஏறத்தாழ முழுவதும் இறக்குமதியையே நம்பியுள்ளது. தீயிடும்போது தழைச்சத்து காற்றில் கலந்து போகிறது. சாம்பல்சத்தின் பெரும்பகுதி நிலத்தில் தங்குகிறது. கட்டி எடுக்கும்போதோ இரண்டும் வயலை விட்டு நீங்குகின்றன. வைக்கோல் ஊர் மாடுகளுக்குச் சென்றால், சாணமாக ஒரு பகுதியேனும் திரும்பி வரும். ஆலைக்குச் சென்றால் திரும்பாது. எனவே ஆலைக்கு விற்கும் உழவர் பெறும் விலையில் இந்த இழப்பும் அடங்கியிருக்க வேண்டும்.

வாங்கும் முன்னும் பின்னும்

மத்தியப் பிரதேசத்தின் புத்னியிலும், ஹரியானாவின் ஹிசாரிலும், ஆந்திரத்தின் அனந்தப்பூர் பகுதியிலுள்ள கார்லதின்னேயிலும், அசாமின் பிஸ்வநாத் சாரியாலியிலும் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையங்கள் செயல்படுகின்றன. இத்தகைய நிலையங்களின் சோதனை அறிக்கையில் இயந்திரம் மணிக்கு எத்தனை கட்டு கட்டியது, எவ்வளவு எரிபொருள் செலவிட்டது, எந்த உறுப்பு விரைவில் தேய்ந்தது என்ற விவரங்களைக் காணலாம். விற்பனையாளரின் துண்டறிக்கையைவிட இவை நம்பத்தக்கவை. முட்கள், சங்கிலி, பேரிங்குகள் ஆகிய உதிரி உறுப்புகள் அறுவடைக் காலத்தில் அதே நாளில் கிடைக்குமா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். இருபது நாள் பருவத்தில் மூன்று நாள் நின்றுபோனால், ஆண்டு வருவாயில் ஏழில் ஒரு பங்கு போயிற்று.

பாதுகாப்பை எக்காரணம் கொண்டும் தளர்த்தலாகாது. விசைத் தண்டு நிமிடத்திற்கு 540 முறை, அதாவது நொடிக்கு 9 முறை சுழல்கிறது. வேட்டியின் நுனியோ துண்டோ சிக்கினால் கையை இழுத்துக்கொள்ளும் அவகாசம் கிடையாது. தண்டின் மேலுறை இல்லாத இயந்திரத்தை ஓட்டவே கூடாது. வைக்கோல் அடைத்துக்கொண்டால், டிராக்டரை நிறுத்திய பின்னரே கை வைக்க வேண்டும். பின்கதவு திறந்திருக்கையில் அதன் கீழே செல்லுமுன் பூட்டுத் தாழைப் போட வேண்டும். உலர்ந்த தூசு பேரிங்குகளைச் சுற்றிச் சேர்ந்தால் தீப்பற்றும். நாள்தோறும் துடைப்பதும், தண்ணீர் வாளியோ தீயணைப்புக் கருவியோ உடன் வைத்திருப்பதும் அவசியம்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்துத் தேர்வின் வரிசை தெளிவாகிறது. முதலில் வைக்கோலின் போக்கிடம்; அடுத்துக் கட்டின் வடிவம்; பின்னர் டிராக்டரும் வயலும்; அதன்பின் எத்தனை ஏக்கர், எத்தனை நாள் என்ற கணக்கு; இறுதியாகவே இயந்திரத்தின் பெயரும் விலையும். பல இடங்களில் இந்த வரிசை தலைகீழாக நடைபெறுகிறது. இயந்திரம் முதலில் வருகிறது, வேலை பின்னர் தேடப்படுகிறது. வாங்கும் விண்ணப்பத்துடன் 125 ஏக்கருக்கான உழவர் பட்டியலையும், கட்டுகளை எடுத்துக்கொள்ள இசைந்தோரின் எழுத்து உறுதியையும் இணைக்குமாறு கேட்டால், இந்தத் தலைகீழ் முறையைப் பெரிதும் திருத்தலாம்.